முதலில் காற்றை உலர்த்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். 36 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நாலடிக்கு நாலடியில் ஒரு சி.என்.சி. பிளாஸ்மா டேபிள், அதாவது கணினி வழிநடத்த மின்கொழுந்தால் இரும்புத் தகடு வெட்டும் மேசை, போட்டிருக்கிறேன். வியாபாரத்துக்கு அல்ல, ஆசைக்கு. கம்பிக்கோலம், வீட்டு வாசல் பெயர்ப்பலகை, பேத்திக்கு இரும்பு மயில் என்று தகடு வெட்டுகிறேன்.

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் முகம் வாடி வந்து நின்றான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். அம்மாவின் வளையலை அடகு வைத்து 40 ஆம்பியர் பிளாஸ்மா மெஷினும் டேபிளும் வாங்கியிருந்தான். "பெரியப்பா, மெஷினே டூப்ளிகேட்டு போலிருக்கு. ஒரே நாள்ல ஆறு நாசில் போயிடுச்சு" என்றான். நாசில் என்பது காற்று வெளிவரும் சிறு முனை. போய்ப் பார்த்தேன். மெஷினை நான் தொடவில்லை. கம்ப்ரசர் டேங்குக்கு அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்தேன். ஒரு செம்பு நிறையத் துருத் தண்ணீர் கொட்டியது. "இதையா நாசில் வழியா அனுப்பிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டான். வாங்கின நாளிலிருந்து அந்த வால்வை யாரும் திறந்ததே இல்லை. திறக்க வேண்டும் என்று விற்றவரும் சொல்லவில்லை.

பிளாஸ்மாவில் தகட்டை வெட்டுவது மின்சாரமும் காற்றும் சேர்ந்துதான். நாசிலின் சிறு துளை வழியே பாயும் காற்று மின்வில்லில் சூடேறி, 20,000 டிகிரி வரை எட்டக்கூடிய கொழுந்தாகித் தகட்டை உருக்கி ஊதித் தள்ளுகிறது. 40 ஆம்பியர் டார்ச் (நாசில் மாட்டிய வெட்டும் பிடி) நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 லிட்டர் காற்றுக் குடிக்கும். நம் ஊர்க் காற்று எப்படிப்பட்டது? 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். கணக்குப் போட்டால் மணிக்குக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கம்ப்ரசருக்குள் போகிறது. அழுத்திய காற்று ஆறும்போது அது துளியாகிறது. அந்தத் துளி டார்ச்சுக்குள் போனால் நாசிலுக்குள் இருக்கும் எலக்ட்ரோடின் முனையில் பதித்த ஹாஃப்னியம் என்ற உலோகத்தில் குழி விழும், நாசில் துளை கோணலாகும், வெட்டு ஒரு பக்கம் சாயும். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இதுதான் முதல் பாடம்.

ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் பலன் இல்லை. அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே தப்பிவிடும். நான் 20 அடி ஜி.ஐ. பைப்பைச் சுவரோரம் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு வடிகால் வைத்தேன். அதைக் கடந்து வந்த பிறகுதான் ஃபில்டர், கடைசியாக ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குப்பி ஒன்று. ஜெல் நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத தனிச் சட்டியில் வறுத்துக்கொள்ளலாம். பி.வி.சி. பைப் மட்டும் வேண்டாம், அழுத்தத்தில் வெடித்துச் சிதறும். பையனுக்கும் அப்படியே கட்டிக் கொடுத்தேன். அதே மெஷினில் இப்போது ஒரு நாசில் பல நாள் தாங்குகிறது.

வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: பைலட் ஆர்க், அதாவது வெட்டைத் தொடங்கும் சிறு மின்வில், எப்படிப் பற்றுகிறது? ஹெச்.எஃப். (உயர் அதிர்வெண் மின்பொறி) முறையில் பற்றினால் பக்கத்தில் இருக்கும், டேபிளை ஓட்டும் கன்ட்ரோலர் பாதி வேலையில் உறைந்து நிற்கலாம். என் முதல் மெஷின் அப்படித்தான். அதை விற்றுவிட்டு, எலக்ட்ரோடும் நாசிலும் தொட்டுப் பிரிந்து பற்றும் வகையை வாங்கினேன்.

தமிழ் எழுத்து வெட்டும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 'க'வைத் தகட்டில் துளையாக அப்படியே வெட்டினால் அதன் வயிறு துண்டாக விழுந்துவிடும். 'ண'வின் சுழிகளும் அப்படியே. இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் இப்படி மூடிய ஒவ்வொரு சுழிக்கும் அதைத் தகட்டோடு பிடித்து வைக்க 3 மி.மீ. பாலம் வரைந்து விட வேண்டும். வெட்டு அகலம் மட்டுமே ஒன்றரை மி.மீ. போய்விடும் என்பதால், பாலம் 3 மி.மீட்டரை விட மெல்லியதாக இருந்தால் உருகிவிடும். வெட்டின அன்று மாலையே பிரைமர் அடியுங்கள். உப்புக்காற்றில் விடிவதற்குள் ஓரம் பழுப்பேறும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை மூடிய அறையில் வெட்டாதீர்கள். துத்தநாகப் புகையால் எனக்கு ஓர் இரவு முழுக்கக் குளிரும் காய்ச்சலும். 40 ஆம்பியர் வரை குறைந்தது ஷேடு 5 கருமை உள்ள வெல்டிங் கண்ணாடி கட்டாயம், வெயில் கண்ணாடி போதாது.

கடலூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பட்டறையை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியாருக்கும் திறந்துவிட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். மெஷின் வாங்கும் முன் ஒரு முறை டார்ச்சைக் கையில் பிடித்துப் பார்க்க, நாசிலை மாற்றிப் பழக, எனக்குத் தெரிந்து இங்கே வேறு இடம் இல்லை. அங்கே காற்று உலர்த்தும் பைப் லைனை என் செலவில், என் கையாலேயே கட்டிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுக்கவும் வருகிறேன், அந்தப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.