ஊற்றுவதும் கொட்டுவதும்: எஸ்பெராண்டோ அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

எஸ்பெராண்டோ அகாடமியின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை எஸ்பெராண்டோவில் எழுதி உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவது ஏன் என்றால், என்னைப் போல, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட இந்த மொழியைப் படிக்க ஆசைப்படும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடங்களையும் ஆங்கில அகராதியையும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அப்படி வரும்போது என்னவெல்லாம் தவறிப்போகிறது என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.

நான் சில வருடங்களாக ஒரு தமிழ்–எஸ்பெராண்டோ சொற்பட்டியல் தயாரித்து வருகிறேன். பெரிய வேலை ஒன்றுமில்லை, ஒரு தடித்த நோட்டும் பென்சிலும்தான். முதல் பத்தியில் தமிழ், நடுவில் ஆங்கிலம், கடைசியில் எஸ்பெராண்டோ. சமையலறைச் சொற்களுக்கு வந்தபோது 'ஊற்று' என்று எழுதினேன், ஆங்கிலத்தில் 'போர்' (pour) என்று எழுதினேன், அகராதியில் கிடைத்த முதல் சொல்லான 'வெர்ஷி'யை எதிரே வைத்தேன். அடுத்த வரி 'கொட்டு'. அதற்கும் ஆங்கிலத்தில் அதே 'போர்', அதே 'வெர்ஷி'. வேலை முடிந்தது என்று நினைத்து, பேனா நண்பர் ஒருவருக்குப் பெருமையாகக் கடிதம் போட்டேன். சாக்கிலிருந்து அரிசியைப் பாத்திரத்தில் கொட்டி அளப்பதைப் பற்றி ஒரு வரி அதில் இருந்தது. பதில் வந்தது: "உங்கள் ஊரில் அரிசி தண்ணீராகவா ஓடுகிறது?"

எஸ்பெராண்டோவில் திரவத்துக்கு வெர்ஷி. தானியம், மணல், மாவு போன்றவற்றுக்கு 'ஷூட்டி' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. தமிழில் நாம் பாலை ஊற்றுகிறோம், அரிசியைக் கொட்டுகிறோம். (தண்ணீரையும் கொட்டுவோம், வீணாக்கும்போது.) எஸ்பெராண்டோவை உருவாக்கிய ஸாமென்ஹோஃப் பேசி வளர்ந்த ரஷ்ய மொழியிலும், அவர் ஊரான பியாலிஸ்டோக்கில் காதில் விழுந்த போலிஷிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆக, இந்தக் கரையிலும் இருக்கிறது, அந்தக் கரையிலும் இருக்கிறது. நடுவில் நான் கட்டிய ஆங்கிலப் பாலத்தில்தான் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இணையத்திலிருந்து ஒன்றைப் பதிவிறக்குவதற்கு எஸ்பெராண்டோக்காரர்கள் வைத்த சொல் 'எல்ஷூட்டி', அதாவது வெளியே கொட்டு. ஏற்றுவதற்கு 'அல்ஷூட்டி', அதன்மேல் கொட்டு. கோப்புகள் சாக்கிலிருந்து அரிசி மாதிரி சரசரவென்று விழுகின்றன. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்குமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1905-இல் பிரான்சின் பூலோன்-சுர்-மேர் மாநாட்டில் ஏற்கப்பட்ட, மொழியின் அடிப்படை நூலான ஃபுண்டமென்டோவின் 16 விதிகளில் பதினைந்தாவதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பெரும்பாலான மொழிகள் ஒரே மூலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல்லை எழுத்தமைப்பை மட்டும் மாற்றி அப்படியே பயன்படுத்தலாம் என்கிறது அது. 1905-இல் அந்த மூலம் பெரும்பாலும் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு. இன்று ஆங்கிலம் மட்டுமே என்று ஆகிவிட்டது. யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லின் வாலில், பெயர்ச்சொல்லைக் காட்டும் ஓர் 'ஓ' ஒட்டிக் கொண்டுவந்து, "எல்லா மொழியிலும் இருக்கிறது, பதினைந்தாம் விதி" என்கிறார்கள்.

நான் இதில் தூய்மைவாதி இல்லை. எங்கள் தெருவில் கணினி என்பவரைவிடக் கம்ப்யூட்டர் என்பவரே அதிகம், நானும் அவர்களில் ஒருவன். எனக்கு ஆங்கிலச் சொல் எளிது. ஆனால் எனக்கு எளிது என்பதும் மொழிக்குப் பொருந்துகிறது என்பதும் ஒன்றல்ல.

கணினியையே பாருங்கள். ஒரு காலத்தில் கொம்புட்டோரோ என்றும் எழுதினார்கள், கொம்புட்டிலோ என்றும் எழுதினார்கள். 'ட்ரான்ச்சி' என்றால் வெட்டு, 'ட்ரான்ச்சிலோ' என்றால் கத்தி. 'ஷ்லோசி' பூட்டு, 'ஷ்லோசிலோ' சாவி. 'இல்' வந்தால் கருவி என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் 'கொம்புட்டி' கணக்கிடு என்று தெரிந்தவருக்குக் கொம்புட்டிலோவை யாரும் சொல்லித்தர வேண்டாம். கொம்புட்டோரோ அப்படியல்ல. எஸ்பெராண்டோவில் 'ஓரோ' என்றால் தங்கம். அதைப் பிரித்துப் பார்க்கும் மாணவன் கணக்குப்போடும் தங்கம் என்று எடுத்துக்கொண்டால் அவன்மேல் என்ன தப்பு? நல்லவேளை, கொம்புட்டிலோ ஜெயித்தது.

மென்பொருளில் சண்டை இன்னும் ஓயவில்லை. 'ஆர்போ' மரம், 'ஆர்பாரோ' காடு. அதே முறையில் நிரல்களின் தொகுதி 'ப்ரொக்ராமாரோ'. பக்கத்திலேயே 'சொஃப்ட்வாரோ'வும் நடமாடுகிறது. 'வாரோ' என்றால் விற்பனைச் சரக்கு, சரி. 'சொஃப்ட்' என்றால்? எஸ்பெராண்டோவில் ஒன்றுமில்லை. மென்மைக்கு 'மோலா' என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத ஒருவர் முதல் பாதியை நெட்டுருப் போட வேண்டியதுதான். மொழிக்குள் வருவதற்கு ஆங்கிலம் கட்டணம் என்றால், 1887-இல் வார்சாவில் இந்த மொழியை அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் புத்தகத்தை அச்சடித்திருக்க வேண்டியதே இல்லை.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, பழைய சொற்களுக்குள் ஓசையில்லாமல் ஆங்கிலப் பொருள் புகுவது. 'கொன்ட்ரோலி' என்றால் சரிபார். கட்டுப்படுத்துவதற்கு 'ரேகி' போன்ற சொற்கள் உண்டு. ஆனால் ஆங்கிலம் வழி வந்தவர்கள் காரைக் கொன்ட்ரோலி செய்கிறார்கள். 'அக்டுவாலா' என்றால் தற்போதைய, 'உண்மையான' அல்ல. 'ரெயாலிகி' என்றால் நிறைவேற்று, 'உணர்ந்துகொள்' அல்ல. மூன்றிலும் நானே விழுந்து எழுந்திருக்கிறேன். மறுபக்கம், ஆங்கிலம் குழப்பும் இடத்தில் எஸ்பெராண்டோ தெளிவாக நிற்பதும் உண்டு. 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்து அவர்கள் படும் பாடு உலகறிந்தது. இங்கே சுதந்திரத்துக்கு 'லிபேரா', இலவசத்துக்கு 'சென்பாகா'. தமிழிலும் 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லித்தான் அந்தக் குழப்பத்தைத் தாண்டினோம்.

மொழி பேசுபவர்கள் முதலில் புழங்குவார்கள், அகாடமி பிறகு பதிவு செய்யும் என்பது உங்கள் மரபு. நல்ல மரபுதான். ஆனால் சொற்பட்டியலின் எட்டாவது அதிகாரபூர்வச் சேர்க்கை 1974-இல், ஒன்பதாவது 2007-இல். நடுவில் இருந்த 33 ஆண்டுகளில் வீட்டு மேசைக்குக் கணினி வந்தது, இணையம் வந்தது, பைக்குள் தொலைபேசி வந்தது. இப்போது இன்னும் மோசம். 2012 முதல் கூகுள் மொழிபெயர்ப்பில் எஸ்பெராண்டோ இருக்கிறது, 2015-இல் டுவோலிங்கோவில் ஆங்கிலக்காரர்களுக்கான பாடம் வந்தது. உள்ளே வரும் கூட்டம் பெரிது, அதன் கையில் இருப்பது ஆங்கிலம். இவ்வளவு நாள் காத்திருந்தால் நீங்கள் பதிவு செய்யும்போது தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமிருக்காது.

சேர்க்கை வெளியிடும்வரை காத்திராமல், புதிய சொற்களைப் பற்றிச் சிறுசிறு பரிந்துரைகளை அவ்வப்போது வெளியிடுங்கள். கட்டளையாக வேண்டாம், 'இப்படிச் சொல்லலாம், காரணம் இது' என்ற அளவில் போதும். கொன்ட்ரோலி போன்ற வழுக்கும் சொற்களுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பதினைந்தாம் விதியைக் காட்டி ஒரு சொல் வரும்போது, ஐரோப்பாவுக்கு வெளியே அந்தப் பொருளை மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் என்றே சொல்கிறோம் என்று நாங்கள் பதில் சொன்னாலும் சரி, கேட்டதாக இருக்கட்டும்.

என் நோட்டில் நடுப்பத்தியை அழித்துவிட்டேன். 'கொட்டு' வரிசையில் இப்போது இரண்டே சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மற்ற பக்கங்களில் அழிக்க வேண்டியது இன்னும் நிறைய. 'சிந்து', 'தெளி', 'வார்' மூன்றும் இப்போதைக்குக் கேள்விக்குறியோடு நிற்கின்றன. உங்கள் ஆலோசனைப் பிரிவுக்கு அவற்றைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் எஸ்பெராண்டோ மாணவன்