சிலாம்பு ஏறிய குட்டிக் காலைப் பற்றித் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

நேற்று ராத்திரி போனில் பாதிதான் பேச முடிந்தது. பின்னால் பிள்ளையின் அழுகை, நடுவில் உன் அழுகை. உள்ளங்காலில் மரச் சிலாம்பு ஏறியிருக்கிறது, மாப்பிள்ளை அமுக்கிப் பிடித்தும் எடுக்க முடியவில்லை, இப்போது செருப்பு மாட்டிவிடக்கூடக் காலைத் தரமாட்டேன் என்கிறான். இதுதானே சொன்னாய்? மீதியை நிதானமாக எழுதுகிறேன். இதே நிலையில் விழிக்கும் வேறு அம்மா அப்பாக்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

முதலில், இந்த நிமிஷமே எடுத்தாக வேண்டும் என்ற பதற்றத்தை விடு. மேலோட்டமாக ஏறிய பொடிச் சிலாம்பு வலிக்கவில்லை, சிவக்கவும் இல்லை என்றால் அப்படியே விட்டாலும் பெரும்பாலும் தோல் உதிரும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். சில சமயம் சின்னப் பரு போல எழும்பி, உடைந்து, வெளியே தள்ளிவிடும். உன் பிள்ளை குதிகாலை ஊன்றாமல் நடக்கிறான் என்பதால் எடுக்கத்தான் வேண்டும். மரமும் முள்ளும் உள்ளே தங்கினால் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வீக்கமோ காய்ச்சலோ இல்லாதவரை, ராத்திரி தூக்கக் கலக்கத்தில் போராடுவதைவிட மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது எவ்வளவோ மேல்.

அவன் எதற்கு அவ்வளவு அலறுகிறான் என்று யோசித்துப் பார். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் தோலின் மேலடுக்கு மிகவும் தடிமன். அந்த மேலடுக்கு முழுக்க உயிரற்ற செல்கள், அதில் நரம்பே கிடையாது. ஊசி நுனியால் அதை மட்டும் லேசாகக் கிளப்பினால் தொடுவதுபோல இருக்குமே தவிர வலிக்காது. உன் குதிகாலில் நீயே செய்து பார், தெரியும். சிலாம்பு கொஞ்சம் ஆழத்தில் இருந்தால் அதை இழுக்கும்போது சுருக்கென்று இருக்கும், அது உண்மை. ஆனால் அந்தச் சுருக்குக்கு வெகு முன்னாலேயே, நீ ஊசியை எடுத்த உடனேயே, அவன் அலறத் தொடங்கிவிட்டான் என்றாயே. இரண்டு பெரியவர்கள் தன்னைப் படுக்கவைத்து அமுக்குகிறார்கள், காலில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, எப்போது முடியும் என்பதும் புரியவில்லை. இரண்டரை வயதில் "ஒரே நிமிஷம்டா" என்றால் அவனுக்கு அது எவ்வளவு நேரம் என்று எப்படித் தெரியும்?

அதனால் அமுக்கிப் பிடிக்காதே. இனி எத்தனையோ தடவை அவன் காலில் ஏதாவது குத்தத்தான் போகிறது. குத்தினால் உன்னிடம் ஓடிவந்து காலைக் காட்டுவானா, மறைத்துக்கொண்டு நொண்டுவானா என்பதெல்லாம் நீ இப்போது நடந்துகொள்வதைப் பொறுத்துதான். எனக்கு இந்தச் சிலாம்பைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது.

"வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதே. சுருக்கென்று ஒரு தடவை பட்டுவிட்டால் அடுத்து நீ சொல்லும் எதையும் நம்பமாட்டான். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். நீ போதும்னு சொன்னா அம்மா கையை எடுத்துடுவேன்" என்று சொல். சொன்னபடியே எடுக்கவும் வேண்டும். ஆரம்பத்தில் நீ பாதத்தைத் தொட்ட உடனேயே "போதும்" என்பான். ட்வீசரைக் கீழே வைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டு. மறுபடி தொடு, மறுபடி "போதும்" என்பான், மறுபடி கையை எடு. உன் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்ப்பான். நிறுத்துகிற அதிகாரம் நிஜமாகவே தன்னிடம் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான், விறைத்து மடக்கியிருக்கும் கால்விரல்கள் மெல்லத் தளரும். அந்தத் தளர்ச்சிக்காகக் காத்திரு. அதற்கு முன்னால் ஊசியைக் கையில் எடுக்காதே.

எல்லாவற்றையும் அவன் கண்ணில் படாமல் முன்கூட்டியே தயார் செய்துவிடு. நுனி கூரான ட்வீசர், ஒரு புதுத் தையல் ஊசி, இரண்டையும் ஸ்பிரிட்டில் நன்றாகத் துடைத்து உலரவிடு. பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. உன் கையை சோப்புப் போட்டுக் கழுவு. அவன் காலையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடை. குளித்து முடித்த நேரம் வசதி, தோலும் மெத்தென்று இருக்கும், பிள்ளையும் சாந்தமாக இருப்பான். ஆனால் காலை ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறப்போடாதே. மரம் ஊறினால் உப்பும், பிடித்து இழுக்கும்போது நைந்து பிய்ந்துவிடும். பேக்கிங் சோடாவைக் குழைத்துத் தடவினால் தானே வந்துவிடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அதுவும் ஈரத்தில் ஊறவைக்கிற வேலைதான். மரச் சிலாம்புக்கு நான் அதை வைக்கமாட்டேன்.

மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டாம். மாப்பிள்ளை மடியில் உட்காரட்டும், முதுகு அவர் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும், அவர் கை அவனைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும். நீ எதிரே தரையில் உட்கார்ந்து, அவன் பாதத்தை உன் தொடைமேல் வைத்துக்கொள். அவன் கையில் ஒரு சின்ன டார்ச்சைக் கொடுத்து, "லைட் அடிக்கிறது உன் வேலை" என்று சொல். வெளிச்சம் சுவருக்கும் கூரைக்கும் போகும், அதனால் உனக்கென்று ஜன்னலோரமோ நல்ல விளக்கோ தனியாக இருக்கட்டும். அந்த டார்ச் அவனை வேடிக்கை பார்க்கும் ஆளாக இல்லாமல் வேலையில் பங்குள்ள ஆளாக்கிவிடும். முன்னதாக அவன் பொம்மையின் காலில் துண்டுக் காகிதம் ஒட்டி, அதை ட்வீசரால் எடுக்கவும் விடலாம். இவை எதுவும் எடுபடவில்லையா, போனில் பிடித்த வீடியோவைப் போட்டுக் கொடு. போன் காட்டக்கூடாது என்ற சட்டத்தை இந்த ஒரு வேலைக்காகத் தளர்த்தலாம், தப்பே இல்லை.

சரி, எடுக்கும் விதம். சிலாம்பு எந்தப் பக்கமிருந்து ஏறியிருக்கிறது என்று முதலில் பார். தோலுக்கடியில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு தெரியும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தோலை ஒட்டினாற்போலப் பிடித்து, ஏறிய வழியிலேயே, அதே சாய்வில், மெதுவாக இழு. நேராக மேலே தூக்கினால் முறிந்துவிடும். நுனி உள்ளே போயிருந்தால் ஊசியை அந்தக் கோட்டின் போக்கிலேயே படுக்கவைத்து, நுனிக்கு மேலிருக்கும் தோலை மட்டும் கொஞ்சம் கிளப்பிவிட்டு, பிறகு ட்வீசரால் பிடி. ஊசியால் குடையாதே. இரண்டு பக்கமும் நெருக்கிப் பிதுக்கவும் செய்யாதே, சிலாம்பு உள்ளேயே துண்டு துண்டாகிவிடும். மயிர்போல மெல்லிய பூமுள் நிறையக் குத்தியிருந்தால் மட்டும் டேப்பை ஒட்டி உரிக்கலாம், அதுவும் நுனி வெளியே இருந்தால்தான் வரும்.

பத்து நிமிஷத்துக்கு மேல் போராடாதே. வரவில்லை என்றால் கழுவி, பிளாஸ்திரி ஒட்டி, அவனை விளையாட அனுப்பிவிடு.

தூங்கும்போது எடுத்துவிடட்டுமா என்று கேட்டாய். நுனி வெளியே தெரிந்து, ட்வீசர் மட்டும் போதும் என்றால் எடு. காலையில் எழுந்ததும் அவனிடம் சொல்லியும்விடு. ஊசி வேலை மட்டும் தூக்கத்தில் வேண்டவே வேண்டாம். திடுக்கிட்டு ஒரு உதை உதைத்தால் ஊசி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கண் விழிக்கும்போது நீ ஊசியோடு குனிந்திருந்தால், அப்புறம் தூங்கப்போகவே பயப்படுவான்.

வந்த சிலாம்பை வெள்ளைத் தாளில் டேப்போடு ஒட்டி அவனிடம் காட்டு. நாலைந்து தடவை கேட்டு வாங்கிப் பார்ப்பான். முனை முறியாமல் முழுசாக வந்திருக்கிறதா என்று நீயும் அப்போது பார்த்துக்கொள்ளலாம். மறுபடி சோப்புப் போட்டுக் கழுவி ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடு.

ஆழமாக இறங்கியிருந்தாலோ, பாதி முறிந்து உள்ளே தங்கினாலோ, நகத்துக்கடியில் போயிருந்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும். சுற்றிலும் சிவந்து சூடாக வீங்குவது, சீழ், காய்ச்சல், காலை ஊன்றவே மறுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதே. ஏறியது மரம் என்று நீயே முதலில் சொல்லிவிடு, ஏனென்றால் மரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேனில்தான் தேடுவார்கள். தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பும் அவர்களிடம் உண்டு, அது வேலை செய்ய ஒரு மணி நேரம் போல ஆகும். அதை நீயாக வாங்கிப் பூச வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி விடுபடாமல் போட்டிருக்கிறதா என்று அவனுடைய அட்டையை எடுத்துப் பார்த்துவிடு.

நாளைக் காலையில் ஜன்னலோரம் அவன் விளையாடும்போது, தொடாமல், உள்ளங்காலைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. எந்தப் பக்கமாக ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கப்புறம் ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

அன்புடன்,
உன் அக்கா