ஹீட்டரை நேரே சுவர் பிளக்கில் மாட்டு

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வலி பரவாயில்லை. நீ அனுப்பிய பணம் 3-ஆம் தேதியே வந்துவிட்டது. பணம் மட்டும் தேதி தவறாமல் வருகிறது, உன் முகம்தான் வருவதில்லை. கேட்டால் "நெட் சரியில்லைப்பா" என்கிறாய். சரி.

போன மாதம் வீடியோவில் வந்தபோது ரூமுக்குள்ளேயே கம்பளிக் குல்லா போட்டிருந்தாய். அம்மா உன் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்தாள். நான் உனக்குப் பின்னால் பார்த்தேன். கட்டில் காலோரம் ஒரு வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் ஹீட்டர், ரைஸ் குக்கர், இன்னும் ஏதோ ஒன்று. ஹீட்டர் பிளக்கைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஹீட்டரை நேரே சுவர் பிளக்கில் மாட்டு.

நீ படித்தவன். டீக்கடையில் யார் கேட்டாலும் என் மகன் டொராண்டோவில் இருக்கிறான் என்று நிமிர்ந்துதான் சொல்கிறேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். நம் வீட்டில் 230 வோல்ட், 1500 வாட் ஹீட்டர் 6.5 ஆம்பியர் இழுக்கும். அங்கே 120 வோல்ட்தான். அதே 1500 வாட்டுக்கு 12.5 ஆம்பியர். ரூமுக்குக் கிடைக்கிற சூடு ஒன்றுதான், ஆனால் வயர் படுகிற பாடு வேறு. ஆம்பியர் இரண்டு மடங்கானால் அதே வயரில் சூடு நான்கு மடங்கு ஏறும். 15 ஆம்பியர் லைனில் ஹீட்டரே இவ்வளவு எடுத்துக்கொண்டால் குக்கருக்கு என்ன மிச்சம்? லோடு கூடிப் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றால் நல்லதுதான். பிளக் லூசாகி அந்த இடம் மட்டும் சூடேறினால் பிரேக்கருக்குத் தெரியாது. அதுதான் என் பயம்.

ராத்திரி வேலைக்குப் போகிறாயா, எப்போது தூங்குகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. சுவர் பிளக்கில் மாட்டு, அது போதும்.

தம்பி, நம் தோட்டத்து மோட்டார் கருகியது ஞாபகம் இருக்கும். நீ பிளஸ் ஒன் படித்தாய். ஓடவிட்டுத் தூங்கிவிட்டாய் என்று பெரியப்பா முன்னாலேயே உன்னை அடித்தேன். அது உன் தப்பு இல்லை. அன்று ராத்திரி லோ வோல்டேஜ், மோட்டாரின் மூன்று பேஸ் லைனில் 415 வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் 320-ல் நின்றது. வோல்ட் குறைந்தாலும் மோட்டார் அதே தண்ணீரைத் தூக்கத்தான் பார்க்கும், குறைந்ததை ஆம்பியரில் ஈடு கட்டும். ஏழரை ஆம்பியர் இழுக்கிற 5 எச்.பி. மோட்டார் பத்தை நெருங்கியது. பியூஸ் இரண்டு தடவை போனது. வாழை வாடுகிறதே என்ற ஆத்திரத்தில் மூன்றாவது தடவை தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டேன். பியூஸ் தாங்கியது, மோட்டாரின் காயில் கருகிப் போய்விட்டது. காலையில் அந்தக் கம்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் உன்னை எழுப்பினேன்.

முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் வயரிங் செய்தவன், தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. நீயும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் நீ எதையுமே என்னிடம் சொல்வதில்லை. இப்போதுதான் எனக்கு அது உறைக்கிறது.

அடுத்த மாதம் பணம் அனுப்பாதே. மஞ்சள் விற்ற காசு கையில் இருக்கிறது, பேங்க் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன். ஹீட்டரைச் சுவர் பிளக்கில் தனியாக மாட்டி, அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார். கை பொறுக்காத சூடு என்றால் அணைத்துவிட்டு எனக்குப் போன் போடு. இங்கே ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பேன். ரூம் முழுக்கத் தெரிகிற மாதிரி வீடியோவில் வா.

அன்புடன்,
அப்பா