தண்ணீர் குடிக்கப் பயப்படும் பெண்கள்: ஜவுளிக் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். ஒன்பது ஆண்டுகள் பட்டுப் பிரிவில் சேலை விரித்துக் காட்டியவள் எழுதுகிறேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. நான் பட்ட பாட்டை வேறு கடைகளில் நின்ற தோழிகளும் பட்டார்கள்.

பெண் பணியாளர்களுக்கான கழிப்பறை ஐந்தாவது மாடியில், கிடங்குக்குப் பின்னால் இருந்தது. சாவி சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருக்கும். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவரிடம் போய்க் கேட்க வேண்டும். போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். அந்தக் கூச்சத்துக்கு வாய் உலர்வதே மேல் என்று இருந்துவிடுவோம். மதியச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் தண்ணீர். தீபாவளி நெருங்கினால் அதுவும் இல்லை. காலையில் நிரப்பிக்கொண்டு வந்த பாட்டில் இரவு அப்படியே ஹாஸ்டலுக்குத் திரும்பும்.

முதல் தடவை நீர்க்கடுப்பு வந்தபோது உடம்புச் சூடு என்றுதான் நினைத்தேன். அறையில் இருந்த அக்கா கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டார். இளநீர், வெந்தயம், பார்லித் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. சொட்டுச் சொட்டாகத்தான் போனது; ஒவ்வொரு சொட்டுக்கும் உயிர் போனது. மருந்துக் கடையில் சீட்டு கேட்காமலே நான்கு மாத்திரைகளை நறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு விழுங்கியதும் எரிச்சல் அடங்கியது. மீதி இரண்டைப் பக்கத்து அலமாரியில் நின்ற பெண்ணுக்குக் கொடுத்தேன். அவளுக்கும் அதே தொல்லை.

ஐந்து மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகில் வலி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

அவர்தான் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். பெரும்பாலும் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாதான் காரணம். சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்கு ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், பெண்களுக்கு 4 செ.மீ. மட்டுமே. அதனால் கிருமி எளிதில் சிறுநீர்ப்பையை எட்டிவிடுகிறது. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் அந்தக் கிருமியில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விடும். குடிக்காமலும் போகாமலும் அடக்கிவைத்தால் உள்ளேயே பெருகும். அடிக்கடி இந்தத் தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. பாதிப் பேர் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. மாற்றியது வெறும் தண்ணீரைத்தான்!

என் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி மசியும், எதற்கு மசியாது என்ற விவரம் இரண்டு நாளில் வந்தது. நான் கடையில் வாங்கித் தின்ற மாத்திரை மசியாத வரிசையில் இருந்தது. அரைகுறையாக விழுங்கிய மருந்து கிருமிக்குத்தான் பழக்கம் கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்து அலமாரிப் பெண்ணை நினைத்து இன்றும் வருந்துகிறேன். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமல்கூடத் தொற்று இருக்கலாம். அவர்களுக்குச் சோதித்து மருந்து கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் கடைகளில் ஏழு மாத வயிற்றோடும் நிற்கிறார்கள்.

2021-ல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. நீங்களும் ஸ்டூல் போட்டீர்கள், நன்றி. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. அதற்கு வழிவகுத்த கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள், விஜி என்பவரின் தலைமையில், நாற்காலிக்கு முன்பே கழிப்பறைக்காகப் போராடியவர்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. தளத்துக்கு ஒரு தண்ணீர் கேன் வையுங்கள். கழிப்பறை நோட்டை எடுத்துவிடுங்கள். கூட்ட நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று ஆள் நிறுத்தி அனுப்புங்கள். நீர்க்கடுப்பு என்று ஒரு பெண் சொன்னால் சம்பளம் பிடிக்காமல் அரை நாள் கொடுங்கள், அவள் மருந்துக் கடைக்குப் பதில் டாக்டரிடம் போவாள். அந்தக் கழிப்பறைச் சாவியையும் சூப்பர்வைசரின் பையிலிருந்து வாங்கிவிடுங்கள். இந்தத் தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவில் நின்ற ஒருத்தி