சைக்கிள் பாதையும் நமது பிள்ளைகளும்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை காலை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. புளோர் வீதியில் சைக்கிள் பாதையை மறித்துக் கார் ஒன்று நின்றதாம். அதைச் சுற்றிப் போக வீதிக்குள் இறங்கியபோது, பின்னால் வந்த வான் கைப்பிடியை உரசுமளவுக்கு நெருங்கிப் போயிருக்கிறது. அந்தக் காரிலிருந்து இறங்கியதும் நமது பள்ளிப் பிள்ளைதான்.

அவளுக்கு வயது 14. ரொறன்ரோ நகர விதிப்படி 14 வயதானவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. வீதிக்கு இறங்கியே ஆகவேண்டும். அங்கே அவளுக்கென்று இருப்பது அந்தப் பாதை ஒன்றுதான்.

அதைத்தான் ஒன்ராறியோ மாகாண அரசு அகற்றப் பார்க்கிறது. 2024 நவம்பரில் நிறைவேறிய 212ஆம் இலக்கச் சட்டமூலத்தின்படி, கார்களுக்கான தடத்தைக் குறைத்துச் சைக்கிள் பாதை போடுவதானால் நகரசபை மாகாணத்திடம் அனுமதி பெறவேண்டும் என்றானது. புளோர், யங், யூனிவர்சிட்டி வீதிகளில் ஏற்கெனவே உள்ள பாதைகளை எடுக்கவும் அது வழிசெய்தது. எடுப்பதற்கே 48 மில்லியன் டொலர் ஆகும் என்று நகரசபை அலுவலர்கள் கணக்கிட்டார்கள்.

நெரிசலில் மாட்டிப் பிந்தி வரும் உங்கள் எரிச்சல் எனக்குத் தெரியும். நானும் அதே வீதியில்தான் கார் ஓட்டி வருகிறேன். ஆனால் 2025 யூலை 30ஆம் திகதி ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாதைகளை எடுத்தால் நெரிசல் குறையும் என்பதற்குச் சான்று இல்லை, சைக்கிளில் போவோரின் உயிருக்கு ஆபத்துத்தான் கூடும், அது கனடிய உரிமைகள் சாசனத்தில் உயிருக்கும் பாதுகாப்புக்கும் உரிமை தரும் 7ஆம் பிரிவை மீறுகிறது. அரசு மேன்முறையீடு செய்தது. இந்தப் பாதைகள் இருக்கவேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அப்படி நினைப்பவர்கள் உங்கள் தொகுதியின் மாகாண உறுப்பினருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதித் தந்தால் ஆங்கிலத்தில் ஆக்கித் தருகிறேன்.

நீதிமன்றம் எதைச் சொன்னாலும், நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். அவசரத்துக்கு ஒரு நிமிடம்கூடச் சைக்கிள் பாதையில் காரை நிறுத்தாதீர்கள். வலப்பக்கக் கதவை இடது கையால் திறக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். வீட்டு வாசலில் நாலைந்து தரம் செய்துபார்த்தால் போதும், சின்னவர்களுக்குக்கூடப் பிடிபட்டுவிடும். பாராமல் கதவைத் திறந்து ஒருவரை விழுத்தினால் குறைந்தது 365 டொலர் தண்டம் என்பது இருக்கட்டும். விழுபவர் வாகனத்தின் முன்னால் விழுகிறார். சைக்கிளைக் கடக்கும்போது ஒரு மீற்றர் விலகிச் செல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். அது இல்லாமல் வரும் பிள்ளையின் வீட்டுக்கு அன்றே தொலைபேசி எடுப்பேன்.

வரும் சனிக்கிழமையிலிருந்து வகுப்புத் தொடங்க அரை மணி நேரம் முன்பே பள்ளியின் பின்பக்க ஒழுங்கையில் நிற்பேன். பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுங்கள், நான் உள்ளே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்