எங்கள் துவக்குகளுக்கு உலர்ந்த காற்றுத் தாருங்கள்: ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் காற்றுத் துவக்குப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பெரியோர்களுக்கும்,

வணக்கம்.

தெரிவுப் போட்டி முடிந்த பிறகு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் பின்தங்கியதற்குக் காரணம் பயிற்சிக் குறைவும் மனப்பதற்றமும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்துக்கு நன்றி. அதை வாசித்த பின்னேரமே போட்டிக்குக் கொண்டுபோன துவக்குகளில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம்.

இந்தத் துவக்கில் குண்டைத் தள்ளுவது சிலிண்டரில் அமுக்கி அடைத்த காற்று. அந்தக் காற்றின் அமுக்கத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் உறுப்பான றெகுலேற்றரைத் திறந்ததும் செம்மண் கலங்கின மாதிரித் தண்ணீர் வழிந்தது. உள்ளே அடுக்கியிருக்கும் கிண்ண வடிவ ஸ்பிரிங் தட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிஸ்டன் ஓடுகிற சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைத் தழும்புகள். இந்தத் துவக்கைத்தான் உங்கள் களஞ்சியப் பதிவேடு "நல்ல நிலை" என்கிறது.

இந்தத் துவக்கால் சுட்ட பிள்ளையை உங்களுக்குத் தெரியும். வேலணையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். மாரி தொடங்கியதிலிருந்து அவளுடைய சூடுகள் காரணமில்லாமல் கீழே இறங்கத் தொடங்கின. பத்துக் குண்டில் ஆறு நடுவில் இருக்கும், நாலு கீழே விழும். எந்த நாலு என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிற்கிற நிலையை மாற்றினாள். மூச்சு விடுகிற நேரத்தை மாற்றினாள். குறிகாட்டியைத் திருகித் திருகி அதன் அடையாளக் கோடே தேய்ந்துவிட்டது. "சேர், விசையை இழுக்கேக்க நான் ஆட்டுறேனோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். பிழை தன்னுடையது என்று முடிவெடுத்துவிட்டாள் போலும். அந்த முடிவுக்கு உங்கள் கடிதம் கையொப்பம் வைத்துக் கொடுத்திருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன். கணக்கை இங்கே போடுகிறேன், பொறுத்தருளுங்கள். துவக்கிலிருந்து குண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 170 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. பத்து மீற்றர் தள்ளியிருக்கும் இலக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் இறக்கும். றெகுலேற்றர் இறுகி அமுக்கம் குறைந்து, வேகம் 160 ஆகிவிட்டால் இறக்கம் 19 மில்லிமீற்றரைத் தாண்டும். வித்தியாசம் 2 மில்லிமீற்றர்தானே என்பீர்கள். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தருகிற பத்தாம் வளையம் அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பொட்டு. அங்கிருந்து ஒவ்வொரு 2.5 மில்லிமீற்றருக்கும் ஒரு புள்ளி போகும். ஆக, பிள்ளை கல்லாக நின்று சுட்டாலும் அந்தக் குண்டுக்கு ஏறத்தாழ 0.8 புள்ளி நட்டம். அறுபது குண்டுப் போட்டியில் இது எத்தனை தடவை நடந்தால் பெயர் பட்டியலில் இராது என்பதை உங்கள் கந்தோரிலேயே கூட்டிப் பார்க்கலாம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? நாங்கள் ஊற்றவில்லை. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று 30 கிராம் வரை நீராவியைத் தாங்கும். எங்கள் ஊரில் ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கும். அந்தக் காற்றை 200 பாருக்கு, அதாவது சாதாரண வளியமுக்கத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்குக்கு, அமுக்கினால் நீராவிக்கு இடமில்லாமல் போய்த் தண்ணீராக ஒடுங்கும். துவக்குகளுக்குக் காற்று எடுக்கிற 12 லீற்றர் பெரிய சிலிண்டர் ஒன்றை நிரப்ப 2,400 லீற்றர் காற்று வேண்டும். அதோடு வருகிற தண்ணீர் 58 கிராம் அளவில். காற்றை அமுக்குகிற பொறியான கொம்பிரசரின் நீர்பிரிப்பான் அதைப் பிடிக்க வேண்டும், பிடித்ததைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே திறந்துவிட வேண்டும். தப்பி வருகிற ஈரத்தைப் பில்டர் குழலில் இருக்கும் உறிஞ்சு மணிகள் குடிக்க வேண்டும். அந்த மணிகளுக்கு ஆயுள் உண்டு. புத்தகத்தில் போட்டிருக்கிற மணித்தியாலம் குளிர்நாட்டுக் கணக்கு. எங்கள் வெக்கையில் அதற்கு வெகு முன்னரே மணிகள் நிறைந்துவிடும். எங்கள் கொம்பிரசரின் பில்டர் குழல் அது வந்து இறங்கிய நாள் தொட்டு மாற்றப்படவேயில்லை.

ஆகவே கேட்கிறோம்: புதுத் துவக்கு வேண்டாம், உலர்ந்த காற்றுத் தாருங்கள்.

இதைப் பற்றி முன்னரும் அறிவித்திருந்தோம். தொலைபேசியில் கிடைத்த பதில், வால்வுக்குள் கொஞ்சம் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள் என்பது. ஐயா, 200 பார் காற்று பாயும் இடத்தில் பெற்றோலிய எண்ணெய் தீப்பிடிக்கக்கூடும். அங்கே பூசுவது சிலிக்கோன் கிறீஸ் மட்டும். பதில் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். பிள்ளைகளின் கன்னம் அந்த வால்வுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதென்று அவர் பார்த்திருக்க மாட்டார்.

கொம்பிரசர் படுத்துவிட்ட மாதங்களில், கடலட்டை பிடிக்கிற தொழிலாளிகள் சிலிண்டர் நிரப்புகிற கரைக்கே நாங்களும் போய் நிரப்பினோம். அவர்கள் முகம் சுளிக்காமல் உதவினார்கள். அங்கேயும் பில்டர் மாற்றக் காசில்லை என்றார்கள். எங்களுக்கு அந்தக் காற்றால் துவக்குத்தான் பழுதாகும். அவர்கள் அதைக் கடலுக்கடியில் மூச்சாக இழுக்கிறார்கள். அதைக் கவனிக்க வேண்டியவர்கள் வேறு கந்தோரில் இருப்பார்கள், அவர்களுக்கும் ஒருநாள் எழுத வேண்டும்.

எங்கள் பகுதிக்கு எதுவும் தரப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். தரப்படும். நாடா வெட்டப்படும், படம் எடுக்கப்படும், பொன்னாடை போர்த்தப்படும். பிறகு அதைப் பராமரிக்கிற செலவுக்கு எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இருக்காது. பாடசாலைக் கணினிகளும் இப்படித்தான் தூசி குடித்தன. சென்ற வருடம் பயிற்சிக்கூடத்தின் முகப்புக்கு நிறம் பூசினீர்கள், வடிவாகத்தான் இருக்கிறது. அந்த நிறத்துக்குப் போன காசில் பில்டர் குழல் சில வருடங்களுக்கு வாங்கியிருக்கலாமே என்று நினைக்காமலிருக்க முடியவில்லை.

இந்த மண்ணில் ஒரு தாயிடம் போய், உங்கள் பிள்ளையைத் துவக்குப் பிடிக்க விடுங்கள் என்று கேட்பது என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். நம்பி அனுப்பினார்கள்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். தயவுசெய்து கொம்பிரசரின் பில்டர் குழலை மாற்றித் தாருங்கள். மேலதிகமாக ஒன்றிரண்டு குழல்கள் கையிருப்பில் இருந்தால் நல்லது. ஓடிய மணித்தியாலத்தை எழுத ஒரு கொப்பி போதும், அதை நாங்களே எழுதுவோம். துவக்குகள் கிடக்கிற இரும்பு அலுமாரி கடற்பக்கச் சுவரோடு வியர்த்துக்கொண்டு நிற்கிறது. அதை உட்சுவருக்கு மாற்ற அனுமதி தாருங்கள், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் நாங்கள் வாங்கி வைக்கிறோம். சிலிண்டரை வால்வு மேலே இருக்க நிமிர்த்தி வைப்பது, கடைசிக் காற்றுவரை வெறுமையாக்காமல் விடுவது எல்லாம் பிள்ளைகளுக்கே பழக்கமாகிவிட்டது. காற்றுக் கசியாமல் அடைக்கிற றப்பர் வளையங்களான ஓ-றிங்குகளை வருடத்துக்கு ஒருமுறை மாற்றத் தெரிந்த ஒருவரை அனுப்புவது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

உலர்ந்த காற்று. திரும்பவும் கேட்பது அதைத்தான். ஐப்பசி மழைக்கு முன்னர் கிடைத்தால் அடுத்த தெரிவுக்குத் துவக்குகள் தயாராகும். அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதிய குறிப்பையும் திருத்தி ஒரு கடிதம் அனுப்பினால் அவளிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கழற்றிய றெகுலேற்றரை அப்படியே ஒரு போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பினால் எந்தப் பின்னேரமும் வாருங்கள், கூடத்தின் திறப்பு என்னிடம் இருக்கிறது.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன்,
யாழ்ப்பாணம்.