கப்பலுக்குப் போன பெரியப்பாவைத் தேடும் என் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ லண்டன் டவர் ஹில்லிலுள்ள போர் நினைவுச்சின்னத்தில் நின்று அனுப்பிய படங்கள் கிடைத்தன. ஒவ்வொரு பலகையாகப் பார்த்தும் உன் பெரிய தாத்தாவின், அதாவது என் பெரியப்பாவின், பெயர் இல்லை என்று எழுதியிருந்தாய். மனதைத் தளரவிடாதே. அங்கே பெயர் இல்லை என்பதால் அவர் கப்பலோடு போகவில்லை என்று ஆகிவிடாது. வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் எனக்கும் குழம்புகிறது, உனக்கும் குழம்புகிறது, அதனால் ஒரேயடியாக எழுதுகிறேன், பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்.

முதலில் அந்த நினைவுச்சின்னத்தைப் பற்றி. இரண்டு உலகப் போரிலும் கடலில் போய், கல்லறை என்று ஒன்று இல்லாமற்போன வணிகக் கப்பல்காரர்களும் மீன்பிடிப் படகுக்காரர்களுமாக ஏறக்குறைய 36,000 பேர் அங்கே இருக்கிறார்கள். ஆனால் இந்திய ஒப்பந்தத்தில், அதாவது ஆசிய மாலுமிகளுக்கென்று தனியாக இருந்த ஒப்பந்தத்தில், கப்பலேறியவர்கள் அதில் இல்லை. அவர்களுடைய பெயர்கள் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டு, ஒரு பிரதி மும்பையிலுள்ள மாலுமிகள் இல்லத்திலும் இன்னொன்று சிட்டகாங் போர் மயானத்திலும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒரே கப்பலில் ஒரே இரவில் செத்தவர்கள்தான், ஆனால் வெள்ளைக்கார மாலுமியின் பெயர் லண்டனில் வெண்கலப் பலகையில் இருக்கிறது, கீழே கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவனின் பெயர் ஒரு புத்தகத்துக்குள் மூடிக் கிடக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சரி, அதை விடு, நமக்கு வேண்டியது பெயர். அந்தப் புத்தகத்துப் பெயர்களும் டவர் ஹில் பெயர்களும் பொதுநலவாயப் போர் மயான ஆணைக்குழுவின் இணையதளத்தில் ஒரே தேடலில் வரும், மும்பைக்குப் போக வேண்டியதில்லை.

அந்தத் தளத்திலிருந்துதான் நீ போன கிழமை ஒரு பதிவை அனுப்பினாய். பெயர் கிட்டத்தட்ட பெரியப்பாவின் பெயர்தான், வயதும் ஒத்து வருகிறது. நீ சந்தோஷத்தில் "அப்பா, கிடைச்சிட்டார்" என்று எழுதியதைப் பார்த்து எனக்கும் ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது. ஆனால் மகள், கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் பார். தகப்பன் பெயர் வேறு, ஊர் நாகப்பட்டினம். நம்முடைய ஆட்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள், பெரியப்பா பிறந்தது இங்கே தோட்டத்து மேற்பிரிவு லயத்தில். அது இன்னொரு வீட்டுப் பிள்ளை. அவனை நாம் எடுத்துக்கொண்டால், நாளைக்கு அவன் வீட்டார் தேடி வரும்போது நம்முடைய கதை அவன் பெயருக்குக் குறுக்கே நிற்கும். இந்தக் காலத்தில் ஒருவர் இணையத்தில் போட்டதை நூறு பேர் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால் ஆள் இவர்தான் என்று உறுதியாகாமல் யாருக்கும் சொல்லாதே, லண்டனில் இருக்கும் அத்தைக்கும்கூட.

பெயரை வைத்துத் தேடுவதில் பெரிய சிக்கல் இருக்கிறது. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் எழுதினான். முத்து என்று தொடங்கும் பெயர் ஒன்றை எடுத்துக்கொள், எம்முக்குப் பிறகு ஒரு யூவும் போட்டிருப்பான், இரண்டு ஓவும் போட்டிருப்பான், டீக்குப் பின்னால் ஹெச் வந்தாலும் வரும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் தகப்பன் பெயரையே முன்னால் போட்டுப் பதிந்திருக்கவும் கூடும், அப்படியானால் நீ பெரியப்பாவைத் தேட வேண்டியது உன் கொள்ளுத்தாத்தாவின் பெயரில். ஆகவே ஆளை விட்டுவிட்டுக் கப்பலைத் தேடு. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கடதாசிகள் எல்லாம் கப்பல் வாரியாக அடுக்கி வைக்கப்பட்டவை. கப்பல் தெரிந்தால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

நம் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். அவர் கொழும்புக்கு இறங்கிப் போனது 1941இல். துறைமுகத்தில் கொஞ்ச நாள் மூட்டை தூக்கிவிட்டுக் கப்பலேறினார். மாதாமாதம் தோட்டத்துத் தபாலில் பணம் வந்தது. அவருடைய தாயான அப்பாயி கடைசிவரை சொன்னது "கப்பல்ல அடுப்படியில நிக்கிறான்" என்றுதான். அது சமையலறையாகவும் இருக்கலாம், கொதிகலன் அடுப்பாகவும் இருக்கலாம், அதனால் வேலை என்ற பகுதியை வைத்து எந்தப் பதிவையும் தள்ளிவிடாதே.

அப்புறம் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து அவர் போட்ட அந்தத் தபால். உனக்கு நினைவிருக்கும், அப்பாயியின் தகரப் பெட்டியில் மஞ்சள் துணிக்குள் இருக்கும். ஒரு பக்கம் கிழித்துப் பார்த்துவிட்டு வெள்ளைப் பட்டி ஒட்டியிருக்கிறார்கள், அது தணிக்கைக்காரர்களுடைய வேலை, பட்டியின் ஓரத்தில் பசை பழுப்பாகக் கசிந்திருக்கிறது. தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் தெரிகிறது, மாதம் போய்விட்டது, 43 என்பது மட்டும் பூதக்கண்ணாடி வைத்தால் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே யாரையோ கொண்டு எழுதுவித்த எட்டு வரி. டர்பனில் ஒரு தமிழ் வீட்டில் சோறு போட்டார்கள், அங்கேயும் நம்மவர்கள் கோயில் கட்டியிருக்கிறார்கள், தம்பியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதே, அவ்வளவுதான். தம்பி என்றது உன் தாத்தாவை. கப்பலின் பெயர் இல்லை, எழுதியிருந்தாலும் தணிக்கையில் அடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு பணமும் வரவில்லை, தபாலும் வரவில்லை.

அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது என்று தாத்தா சொல்வார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்களாக ஆக்கிய பிறகு, அடுத்த வருஷம் இந்திய பாகிஸ்தானியருக்கான சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடச் சொன்னார்கள், இந்த நாட்டில் வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அண்ணன் யுத்தத்தில் கப்பலில் போனவன் என்றால் மதிப்பு இருக்கும் என்று நம்பி தாத்தா அந்தக் கடிதத்தையே கொண்டுபோய் ஒரு அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். பிரதி எடுக்க வசதி இல்லாத காலம். விண்ணப்பமும் சரிவரவில்லை, கடிதமும் திரும்பவில்லை. கப்பல் பெயர் அதில்தான் இருந்திருக்கும். உன் தாத்தா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார்.

ஆனாலும் டர்பன், 1943 என்ற இரண்டும் சின்ன விஷயமில்லை. 1940 நடுப்பகுதியிலிருந்து மத்தியதரைக் கடல் வழி வணிகக் கப்பல்களுக்கு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது, 1943 மே மாதத்துக்குப் பிறகுதான் திரும்பத் திறந்தது. அதுவரை கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குத் தேயிலையும் இறப்பரும் ஏற்றிய கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றித்தான் போயின. அப்பாயி பறித்த கொழுந்தும் அப்படித்தான் போயிருக்கும். 1942 ஒக்டோபரிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் தென்னாபிரிக்கக் கரையோரம் வந்து காத்திருந்து அடித்தன. ஜெர்மன் நீர்மூழ்கிகள் தாக்கிய கப்பல்களை நாள் வாரியாகப் போட்டிருக்கும் யூபோட் நெட் என்ற தளம் இருக்கிறது, முதலில் அங்கே 1943இல் டர்பனை விட்டுப் போன கப்பல்களைக் குறித்துக்கொள். ஜப்பானியர் மூழ்கடித்தவை அதில் வராது, அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1944 பெப்ரவரி 12ஆம் திகதி மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பல் மாலைதீவுக்குப் பக்கத்தில் ஜப்பானிய நீர்மூழ்கியால் அடிபட்டுச் சில நிமிஷத்தில் மூழ்கியது, செத்தவர்கள் 1,297 பேர். அப்படிப்பட்ட கப்பல்களும் உன் பட்டியலில் இருக்கட்டும்.

பட்டியல் கிடைத்த பிறகு லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே உனக்கு வேண்டிய கோப்புத் தொகுதிகள் எல்லாம் பி.டி. (பிரித்தானிய வர்த்தகச் சபை) என்ற எழுத்தோடு தொடங்கும். பி.டி. 389 என்பது கப்பல்களின் நடமாட்ட அட்டைகள், எந்தத் துறைமுகத்துக்கு எந்தத் திகதியில் வந்தது, எப்போது கிளம்பியது என்று இருக்கும், கப்பலின் பெயரைக் கொடுத்து வீட்டிலிருந்தே சின்னக் கட்டணத்துக்கு இறக்கிவிடலாம். கொழும்பும் டர்பனும் சரியான வரிசையில் வரும் கப்பல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டு. பிறகு பி.டி. 381, அதுதான் உயிர்நாடி, யுத்த காலத்து ஆள் பட்டியல்களும் கப்பல் நாட்குறிப்புகளும் அதில்தான். அது கப்பலின் பெயரில் இல்லை, பதிவு இலக்கத்தில் அடுக்கியிருக்கிறது. இலக்கத்தைக் கப்பல்களின் விவரம் அடங்கிய லொயிட்ஸ் பதிவேட்டில் பார், 1930 முதல் 1945 வரையான தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிய மாலுமிகளுக்குத் தனித்தாள் இருந்தால் அதைத் தவறவிடாதே, சில சமயம் பின்னால் கோர்த்திருப்பார்கள். தகப்பன் பெயரும் ஊரும் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் தாளில்தான். பி.டி. 382 என்பது 1941இலிருந்து ஆள்வாரியாக எழுதிய பதிவேடு, அதில் ஆசியர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, கப்பல் தெரிந்த பிறகு அதைப் பார்த்தால் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள். அவர் குண்டிலோ டோர்ப்பிடோவிலோ போகாமல் காய்ச்சலில் போயிருக்கலாம், ஏதோ ஒரு துறைமுக ஆஸ்பத்திரியில் கிடந்து செத்திருக்கலாம். வணிகக் கப்பல்காரர்கள் சட்டப்படி சிவிலியன்கள், யுத்தத்தின் காரணமாகச் செத்தால்தான் அந்த ஆணைக்குழு பெயர் போடும். அப்படியானால் டவர் ஹில்லிலும் இருக்க மாட்டார், மும்பைப் புத்தகத்திலும் இருக்க மாட்டார், பி.டி. 334 என்ற கடலோடிகள் இறப்புப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். உன் அத்தை இதைக் கேட்டதும் முகம் சுளித்தாள், சண்டையில் செத்தார் என்றே இத்தனை காலமும் சொல்லி வந்தோமே என்று. காய்ச்சலில் செத்தாலும் அவர் நம் பெரியப்பாதான்.

திகதி எதற்கு இவ்வளவு முக்கியம் என்று ஒருநாள் கேட்டாய். அப்பாயி அவருக்குத் திதி கொடுக்க ஒத்துக்கொள்ளவே இல்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. ஹட்டன் ஸ்டேசனுக்குப் போகும் யாராக இருந்தாலும் கொழும்பு ரயிலில் இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு வா என்பார், நான் சின்னப் பையனாக இருந்தபோது என்னிடமே சொல்லியிருக்கிறார். அப்பாயி போன பிறகு தாத்தா ஆடி அமாவாசையில் எல்லோரோடும் சேர்த்து ஒரு பிண்டம் வைத்தார், எனக்கும் அதே பழக்கம். அது போதாது என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆங்கிலத் திகதி ஒன்று கிடைத்துவிட்டால் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்துத் திதியைப் பார்த்துவிடலாம், அவருக்கென்று ஒரு நாள் இருக்கும். அதனால்தான் தப்பான திகதி வேண்டாம் என்கிறேன், தாமதமானால் பரவாயில்லை.

இங்கே நான் செய்வதையும் சொல்கிறேன். தோட்டத்துப் பழைய பிறப்புப் பதிவில் பெரியப்பாவின் வரியைத் தேடச் சொல்லியிருக்கிறேன், பிறந்த வருஷமும் தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்தும் அதிலிருந்தால் உனக்கு உதவும். கண்டியில் கெட்டம்பேப் பக்கம் உள்ள போர் மயானத்துக்கும் வெயில் நாளாகப் பார்த்துப் போய்வருவேன், அங்கே படுத்திருப்பவர்களில் நம் நாட்டுக்காரர்களும் உண்டு, அந்த வரிசைகளைப் பார்த்து எழுதுகிறேன்.

கியூவுக்குப் போகுமுன் வாசகர் அட்டை வேண்டும், அடையாளத்துக்கு ஒன்றும் விலாசத்துக்கு ஒன்றுமாக இரண்டு அத்தாட்சி கொண்டுபோ. கோப்புகளை முன்கூட்டியே கேட்டு வைத்துவிடு. பேனா உள்ளே விட மாட்டார்கள், பென்சில்தான். உன் போனிலேயே படம் எடுக்கலாம், காசு கொடுத்துப் பிரதி வாங்க வேண்டாம், தாளின் நாலு மூலையும் பின்பக்கமும் படத்தில் வர வேண்டும். அந்த நாகப்பட்டினத்துப் பிள்ளையின் விவரத்தையும் அழிக்காமல் தனியாக வைத்திரு, யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம்.

போகும் நாளை ஒரு கிழமைக்கு முன்னால் சொல். டர்பன் தபாலைத் தம்பி ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், இரண்டு பக்கத்தையும் அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா